கோலாலம்பூரில் ஐரிஸ் பூவுக்குக் கையால் மகரந்தம் சேர்க்கும் முறை

ஐரிஸ் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது, பூக்கடையில் இறக்குமதிச் சரக்காக நிற்கும் ஊதாக் கொத்து. அல்லது ஐரோப்பியத் தோட்டப் படங்களில் காணும், கீழிதழில் தாடிபோல் மயிர் படர்ந்த தாடி ஐரிஸ். தாடி ஐரிஸ் நம் ஊருக்கு ஆகாது. அதன் கிழங்கு பூந்தண்டு விடுவதற்குக் குளிர்காலம் ஒன்று வந்துபோக வேண்டும். பகலில் 33 டிகிரி செல்சியசை எட்டி, இரவிலும் பெரும்பாலும் 23 டிகிரிக்குக் கீழே இறங்காத கோலாலம்பூரில் அக்கிழங்கு சில மாதம் இலை காட்டிவிட்டு, அடுத்த அடைமழையில் அழுகிப்போகும். இதற்குப் பணம் செலவழித்துப் பார்த்தவர்களுள் நானும் ஒருவன் என்பதால் இதனை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் தட்பவெப்பத்திலும் சளைக்காமல் பூக்கும் ஐரிஸ் ஒன்று உண்டு. தாவரவியலார் அதனை ஐரிஸ் டொமெஸ்டிகா என்பர். பழைய நூல்களிலும் சில நாற்றுப் பண்ணைகளின் பெயர்ச்சீட்டுகளிலும் அது பெலம்காண்டா சைனென்சிஸ் என்றே இருக்கும். காய் வெடித்ததும் பளபளக்கும் கறுப்பு விதைகள் பிளாக்பெரிப் பழம்போல் திரண்டு நிற்பதால் பிளாக்பெரி லில்லி என்றும், ஆரஞ்சு நிற இதழில் செம்புள்ளிகள் தெறித்திருப்பதால் சிறுத்தை லில்லி என்றும் அழைக்கப்படுகிறது. லில்லி என்ற பெயர் வெறும் உபசாரப் பெயர்தான். 1753இல் ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலார் லின்னேயஸ் இதனை ஓர் ஆர்க்கிட் என்று கருதி எபிடெண்ட்ரம் பேரினத்தில் வைத்தார். அதன்பின் வெவ்வேறு பெயர்களில் அலைந்த இச்செடியை, 2005இல் கோல்ட்பிளாட், மேபர்லி ஆகிய இரு தாவரவியலார் ஐரிஸ் பேரினத்துக்குள் கொண்டுவந்தனர். சீன மருந்துக் கடைகளில் 'ஷெ கான்' என்ற பெயரில் விற்கப்படுவது இதன் உலர்ந்த கிழங்குதான். கோலாலம்பூருக்கு அருகே உள்ள சுங்கை பூலோவில், 1930இல் தொடங்கப்பெற்ற தொழுநோயாளர் குடியிருப்பை ஒட்டி, அங்கு வாழ்ந்தவர்களே தொடங்கி வளர்த்த நாற்றுப் பண்ணைகள் வரிசையாக உள்ளன. அங்குள்ள மூத்த வணிகர்களிடம் அந்தச் சீனப் பெயரைச் சொல்லிக் கேட்டால் சட்டென்று புரிந்துகொள்ள வாய்ப்புண்டு. விசிறிபோல் தட்டையாக விரிந்த வாளிலைகளைக் கொண்டு செடியை அடையாளம் காணலாம்.

வாங்கும்போது ஒரே கிழங்கைப் பிரித்து வைத்த இரண்டு தொட்டிகளை வாங்கிவிடக் கூடாது. அவை இரண்டும் ஒரே செடிதான். அவற்றுக்குள் மகரந்தம் மாற்றுவது தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதற்குச் சமம். புள்ளியுள்ள ஆரஞ்சுச் செடி ஒன்றும், புள்ளியில்லாத மஞ்சள் செடி ஒன்றும் கிடைத்தால் அதைவிட நல்ல தொடக்கம் இல்லை. நம் ஊர்த் தோட்டங்களில் நிழலில் படர்ந்து மஞ்சள் பூ விடும் 'நடக்கும் ஐரிஸ்' என்னும் டிரைமேசியா இதன் உறவுச்செடியே எனினும், அது பூத்தண்டின் நுனியிலேயே கன்று விட்டுத் தரையில் சாய்ந்து வேரூன்றிக்கொள்வதால், அதனைப் பெருக்குவதற்கு மகரந்தச் சேர்க்கையில் இறங்குவது வீண் உழைப்பு.

இங்கே ஒரு கேள்வி எழலாம். பிளாக்பெரி லில்லி தன் மகரந்தத்தாலேயே காய்க்கக் கூடியது. தேனீ வந்து உட்கார்ந்தால் போதும், யார் தயவும் இன்றிக் காய் பிடிக்கும். பிறகு கையால் சேர்ப்பது எதற்கு? காரணம் இரண்டு. பதினைந்தாவது மாடிப் பலகணிக்குத் தேனீ வருவது அரிது; தரை வீடுகளிலும் டிங்கிக் கொசுவை ஒழிக்கப் புகையடித்த பின் சில நாள்களுக்குத் தோட்டம் அரவமற்றுக் கிடக்கும். ஆயினும் இது சிறிய காரணமே. பெரிய காரணம், எந்தத் தாய்க்கு எந்தத் தந்தை என்பதை நாமே தேர்ந்தெடுப்பது. அப்படியானால் மகரந்தத்தைத் தடவுவது வேலையின் அரை நிமிடப் பகுதிதான். வேண்டாத மகரந்தத்தை உள்ளே விடாமல் காப்பதும், செய்ததைச் சீட்டில் எழுதி வைப்பதுமே மீதி வேலை முழுவதும். தொடங்குவோர் பெரும்பாலும் தூரிகையின் மேல் கவனம் வைத்து, இவ்விரண்டையும் கோட்டைவிடுகின்றனர்.

பூவைப் படித்தல்

அயல்நாட்டுக் கையேடுகளைப் படித்தவர்கள், ஐரிஸில் மகரந்தத்தை ஏற்கும் சூலகமுடி இதழ்போன்ற ஒரு கிளையின் அடியில் மெல்லிய உதடாக ஒளிந்திருக்கும் என்று அறிந்திருப்பர். தாடி ஐரிஸுக்கு அது உண்மை. அதில் சூலகத்தண்டு மூன்று அகன்ற கிளைகளாகப் பிரிந்து, ஒவ்வொன்றும் ஒரு மகரந்தப்பையின் மேல் கூரைபோல் கவிந்திருக்கும். உள்ளே நுழையும் வண்டு முதலில் முதுகிலுள்ள பழைய மகரந்தத்தை அந்த உதட்டில் உரசிவிட்டு, பின்னர்ப் புதியதைப் பூசிக்கொள்ளும். பிளாக்பெரி லில்லியில் இந்தக் கூரை கிடையாது. ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் அகலமுள்ள அதன் பூ, ஆறு இதழ்களும் தட்டையாக விரிய, எல்லாவற்றையும் வெளிப்படையாகக் காட்டி நிற்கும். நடுவே மெலிந்த சூலகத்தண்டு ஒன்று. அதன் நுனி மூன்றாகப் பிரிந்து சற்றே தட்டையாக இருக்கும். அதுவே சூலகமுடி. அதனைச் சுற்றி மூன்றே மகரந்தத்தாள்கள். ஒவ்வொன்றின் நுனியிலும் நீண்ட மகரந்தப்பை. இதழ்களுக்குக் கீழே, காம்போடு சேருமிடத்தில், பச்சையாகச் சிறிது தடித்திருப்பது சூற்பை. காயாகப்போவது அந்தத் தடிப்புதான். எனவே பூவை எப்போதும் இதழில் பிடிக்க வேண்டும், சூற்பையை விரலால் நசுக்கக் கூடாது.

ஒரு பூவின் ஆயுள் ஒரே நாள். காலையில் விரியும், மாலையில் சுருளும். சுருளும்போது ஆறு இதழ்களும் சேர்ந்து ஈரத்துணியைப் பிழிந்ததுபோல் இறுக்கமாக முறுக்கிக்கொள்ளும். இந்த முறுக்கு எல்லாப் பூவுக்கும் உரியது. காய் பிடித்ததற்கும் பிடிக்காததற்கும் அடையாளமன்று. தண்டு ஒன்றில் பல மொட்டுகள் அடுத்தடுத்து முதிர்வதால், ஒரு நாள் தவறினாலும் அடுத்த சில நாளில் இன்னொரு வாய்ப்புக் கிடைக்கும். அவசரப்பட வேண்டியதில்லை.

முந்தைய நாள் மாலை

வேலை தொடங்குவது பூத்த பின் அன்று. பூப்பதற்கு முந்தைய மாலை. மறுநாள் விரியப்போகும் மொட்டு மற்றவற்றைவிடப் பருத்து, முழு நிறம் ஏறி, நுனி கூர்ந்து நிற்கும். பச்சை கலந்திருந்தால் அதற்கு இன்னும் நாள் இருக்கிறது. தாயாகத் தேர்ந்த செடியில் அப்படியொரு மொட்டை எடுத்து, இதழ்களை விரல்நுனியால் மெல்ல விலக்குக. உள்ளே மகரந்தப்பைகள் மூன்றும் வெடிக்காமல் வழவழப்பாக இருக்கும். புருவம் திருத்தும் சிறு இடுக்கியால் ஒவ்வொன்றையும் அதைத் தாங்கும் கம்பியோடு கிள்ளி எடுத்துவிட வேண்டும். மூன்றும் வெளியே வந்தனவா என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. ஒன்று உள்ளே தங்கிவிட்டால், அதன்பின் கிடைக்கும் விதைக்கு யார் தந்தை என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. ஒரு பையேனும் வெடித்து மஞ்சள் பொடி சிந்தியிருந்தால் அந்த மொட்டைக் கைவிட்டு வேறொன்றுக்குப் போய்விடுக.

மாலையில் நேரம் இல்லாதவர் விடியலில் செய்யலாம். கோலாலம்பூரில் சூரியன் ஏறத்தாழ ஏழு மணிக்கு மேல்தான் எழுவதால், வேலைக்குக் கிளம்பும் முன் கைவிளக்கோடு பலகணிக்குப் போனால் போதும். ஆனால் தூக்கக் கலக்கத்தில் செய்யும்போது சூலகத்தண்டையே கிள்ளி எறிந்துவிடும் ஆபத்து உண்டு. அது எனக்கு ஒருமுறைக்கு மேல் நடந்திருக்கிறது.

பைகளை நீக்கியபின் மொட்டை மூட வேண்டும். இதற்குக் கல்யாண வீட்டில் தாம்பூலமோ இனிப்போ போட்டுக் கொடுக்கும் ஆர்கன்சா வலைப்பை மிகவும் ஏற்றது. நம் வீடுகளில் அதற்குப் பஞ்சமே இல்லை. காற்றும் ஒளியும் உள்ளே போகும், தேனீயும் எறும்பும் போகா. பிளாஸ்டிக் பையை மட்டும் பயன்படுத்த வேண்டாம். நம் புழுக்கத்தில் அதனுள் நீர் கோத்து, காலைக்குள் சூலகமுடி வெந்துவிடும். வலைப்பை கிடைக்காவிடில், கோப்பிக் கடை உறிஞ்சுகுழலில் இரண்டு சென்டிமீட்டர் வெட்டி, ஒரு முனையை நெருப்பில் காட்டி மடித்து மூடி, குல்லாய்போல் சூலகமுடியின் மேல் செருகி வைக்கலாம்.

அதே மாலையில் தந்தைச் செடியிலும் ஒரு மொட்டைத் தேர்ந்து, அதன்மேலும் ஒரு வலைப்பை போடுக. இதனைப் பலர் செய்வதில்லை. தந்தைப் பூவில் முதலில் வந்து உட்காரும் தேனீ, வேறு பூவின் மகரந்தத்தை அங்கே கொட்டிவிட்டுப் போகலாம். அந்தக் கலப்படம் நம் இடுக்கியோடு தாய்ப்பூவுக்கு வந்து சேரும்.

மகரந்தம் சேர்க்கும் காலை

காலை ஒன்பது மணியளவில், பனியின் ஈரம் உலர்ந்து, தந்தைப் பூவின் மகரந்தப்பைகள் வெடித்துப் பொடி தெரிந்ததும், ஒரு பையைக் கம்பியோடு இடுக்கியால் எடுத்துக்கொள்க. தாய்ப்பூவின் மூடியை விலக்கி, அப்பையையே தூரிகையாகக் கொண்டு, சூலகமுடியின் மூன்று கிளை நுனிகளிலும் பொடி கண்ணுக்குத் தெரியும்வரை தடவுக. மூன்றிலும் தடவினால் காய் நிறைவாகத் திரளும். ஒன்றில் மட்டும் தடவி நிறுத்தினால் ஒருபக்கம் கோணிய காய் வரக்கூடும். ஒப்பனைத் தூரிகையைப் பயன்படுத்துவதில் எனக்கு உடன்பாடில்லை. மயிர்களுக்கிடையே தங்கும் மகரந்தம் அடுத்த பூவுக்குப் போய்ச் சேரும். அதனைக் கழுவி உலர்த்தும் நேரத்தில் பத்துப் பூக்களை இடுக்கியால் முடித்துவிடலாம். வேறொரு தந்தைக்கு மாறும்போது இடுக்கியின் நுனியைச் சாராயத் துடைப்பானால் துடைத்து, உலரவிட்டு, பிறகு தொடர்க.

ஒன்பது மணி என்று சொன்னதற்கு ஒரு காரணம் உண்டு. கோலாலம்பூரில் இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் இறங்கும். நனைந்த மகரந்தம் நீரை உறிஞ்சி வெடித்துப் பயனற்றுப் போகும். சூலகமுடியில் ஒட்டியது வேர்போன்ற குழாயை உள்ளே செலுத்துவதற்குச் சில மணிநேரம் உலர்வாக இருக்க வேண்டும். மதியத்துக்குப் பிறகு செய்த சேர்க்கைகளுள் மழையில் பாழானவை எனக்குப் பல. தொட்டிச் செடியாயின் அன்று மட்டும் கூரையடிக்கு நகர்த்திவிடுவது எளிய தீர்வு. தரையிலுள்ள செடிக்குத் தண்டின் அருகே ஒரு குச்சி நட்டு, அதில் வெட்டிய குடிநீர்ப் புட்டியின் அடிப்பாகத்தைக் குடைபோல் கவிழ்த்துக் கட்டலாம். கீழ்ப்புறம் திறந்திருப்பதால் புழுக்கம் சேராது. ஆண்டில் ஏப்ரலும் நவம்பரும் இங்கே மழை மிகுந்த மாதங்கள். ஜூன், ஜூலையில் மழை சற்றுத் தணியும். முக்கியமான சேர்க்கைகளை அந்த மாதங்களுக்கு ஒதுக்கிவைப்பது என் வழக்கம்.

இரு செடிகளும் ஒரே நாளில் பூக்காவிட்டால் மகரந்தத்தைச் சேமிக்கலாம். வெடித்த பைகளை மடித்த தாளில் ஓரிரு மணிநேரம் நிழலில் உலர்த்தி, காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக்கமான சிறு டப்பாவில் அடைத்து, குளிர்சாதனப் பெட்டியில் வைக்க வேண்டும். வெளியே எடுத்ததும் திறக்கக் கூடாது. டப்பா அறைவெப்பத்துக்கு வந்தபின் திறந்தால்தான் உள்ளே நீர்த்துளி படியாது. ஒரு வாரத்துக்குள் பயன்படுத்திவிடுவது பாதுகாப்பானது.

சீட்டு

தடவி முடித்த உடனே சீட்டுக் கட்ட வேண்டும். தேநீர் குடித்துவிட்டு வந்து கட்டலாம் என்று விட்டால் எந்தப் பூ என்பதே மறந்துபோகும். தாயின் பெயரை முதலிலும், பெருக்கல் குறிக்குப் பின் தந்தையின் பெயரையும், கீழே தேதியையும் எழுதுவது உலகெங்கும் உள்ள மரபு. எழுதுவதற்குப் பென்சிலே சிறந்தது. 'அழியாது' என்று விற்கப்படும் மைப்பேனாவால் ஒரு பருவம் முழுவதும் எழுதி வைத்தேன். இரண்டு மாத வெயிலிலும் மழையிலும் அத்தனை சீட்டும் வெண்மையாகத் திரும்பின, பதினோரு காய்கள் தந்தை பெயர் தெரியாத பிள்ளைகளாயின. வெள்ளைத் தயிர் டப்பாவை வெட்டி, மேற்பரப்பை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பென்சிலால் எழுதினால் எந்த மழைக்கும் அழியாது. நூலைச் சூற்பைக்குக் கீழே காம்பில் தளர்வாகக் கட்டுக. காய் பருக்கும்போது காம்பும் தடிக்கும். இறுகக் கட்டிய நூல் அதனை அறுத்துவிடும். அதே விவரத்தை வீட்டினுள் ஒரு குறிப்பேட்டிலும் எழுதுக.

வலைப்பையை மாலைவரை விட்டுவைத்து, பூ முறுக்கிக்கொண்டதும் கழற்றிவிடலாம். அதன்பின் எந்தத் தேனீ வந்தாலும் பயமில்லை.

காய் முதிரும் வரை

ஒரு வாரத்துக்குள் விடை தெரியும். சேர்க்கை பலித்திருந்தால் முறுக்கிய பூ உதிர்ந்த பின்னும் சூற்பை பச்சையாகவே நின்று பருக்கத் தொடங்கும். பலிக்காவிட்டால் மஞ்சளித்துக் காம்போடு கழன்று விழும். முதல் முயற்சியில் ஒன்றிரண்டு தவறுவது இயல்பு. காய் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர் நீளத்தில், தலைகீழாகத் தொங்கவிட்ட பேரிக்காய் வடிவில் திரண்டு, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முதிரும். இக்காலத்தில் நீரை மண்ணுக்கு மட்டும் ஊற்றுக. காயின் மேல் தெளிக்க வேண்டாம். ஒரு மீட்டர் வரை உயரும் தண்டு, காய்களின் பாரத்தாலும் காற்றாலும் சாயுமாதலால் ஊன்றுகோல் தேவை.

காய் பழுப்பேறி, உச்சியில் கீறல் விடத் தொடங்கியதும் மறுபடியும் வலைப்பையைக் கட்டுக. முற்றிலும் வெடித்தபின் தோல்கள் பின்னால் மடங்க, கறுப்பு விதைகள் நடுத்தண்டோடு ஒட்டியபடி நிற்கும். உலர்ந்த நாடுகளில் அவற்றை மாதக்கணக்கில் செடியிலேயே அழகுக்கு விட்டுவைப்பர். நம் ஈரத்தில் அது பூஞ்சணத்துக்கு விருந்தாகும். வெடித்த ஓரிரு நாளில் பறித்துவிடுவதே நலம். விதை பார்ப்பதற்குத் தின்னும் பழம்போலவே இருக்கும், ஆனால் நச்சுத்தன்மை உள்ளது. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதனை மறந்துவிடக் கூடாது.

விதைத்தல்

விதையை ஓர் இரவு நீரில் ஊறவைத்து, ஈரமான தேங்காய்நார்த் தூளோடு கலந்து, சிறு டப்பாவில் இட்டுக் குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் நான்கு முதல் ஆறு வாரம் வைத்தால் முளைப்பு சீராகும். குளிர்காலம் கழிந்துவிட்டது என்று விதையை நம்பவைக்கும் ஏற்பாடு இது. டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் 'விதை, உண்ணத் தகாது' என்று எழுதி ஒட்டுக. கருமிளகு என்று எண்ணி ரசத்துக்கு எடுக்கக் கை நீட்டியவர் எங்கள் வீட்டில் உண்டு.

பிறகு, ஆற்றுமணலும் மக்கிய உரமும் சம அளவில் கலந்த தட்டில் ஒரு சென்டிமீட்டர் ஆழத்தில் விதைத்து, மழை நேராக விழாத வெளிச்சமான இடத்தில் வைக்க வேண்டும். சில விதைகள் மூன்று வாரத்தில் முளைக்கும். சில மாதக்கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஒன்றும் வரவில்லை என்று தட்டைக் கவிழ்த்துவிட வேண்டாம். நத்தைக்கு இளநாற்று மிகவும் பிடிக்கும். இரவில் ஒருமுறை கைவிளக்கோடு சுற்றி வருவதே போதிய காவல். நான்கு இலை விட்டதும் தனித்தனித் தொட்டிக்கு மாற்றி, தாய்ச்சீட்டிலிருந்த எழுத்தோடு ஒவ்வொரு நாற்றுக்கும் ஓர் எண் சேர்த்து எழுதுக. ஓராண்டையொட்டியோ இரண்டாம் ஆண்டிலோ பூ வரும்.

ஆரஞ்சும் மஞ்சளும் கலந்த முதல் தலைமுறையில் நாற்றுகள் எல்லாம் ஒரு பெற்றோரைப் போலவே பூத்தால் மனம் தளர வேண்டியதில்லை. ஒரு பண்பு மற்றொன்றை மறைத்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த நாற்றுகளின் பூவை அதன் மகரந்தத்தாலேயே மேற்சொன்ன முறையில் சேர்த்து, அடுத்த தலைமுறை விதையை வளர்த்தால், மறைந்திருந்தது வெளிவரும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் சாமுவேல் நாரிஸ் என்பவர், இதே பூவை ஐரிஸ் டைகாட்டமா என்னும் உறவினத்தோடு சேர்த்து, ஊதா, இளஞ்சிவப்பு, மஞ்சள் எனப் பல நிறங்களில் 'மிட்டாய் லில்லி' எனப்படும் கலப்பினத்தை உருவாக்கினார். இரு இனங்களுக்கும் குரோமோசோம் எண்ணிக்கை 32 என ஒத்திருப்பதால் அக்கலப்புச் செடிகள் மலடாகாமல் மேலும் விதை தருகின்றன. ஐரிஸ் டைகாட்டமா பிற்பகலில் விரிவது. பிளாக்பெரி லில்லியோ காலையில் விரிவது. ஐரிஸ் டைகாட்டமாவின் விதை கைக்குக் கிட்டினால் முயலலாம். ஆனால் அதன் பொடியைப் பிற்பகல் மழைக்கு முன் தொடமுடியாதாகையால், மேலே சொன்னபடி ஒரு மாலையில் எடுத்து உலர்த்திவைத்து, மறுநாள் காலையில் பிளாக்பெரி லில்லியைத் தாயாக்கித் தடவுவதுதான் நம் ஊருக்குச் சரிப்படும் வழி.

புதுச்செடி பூக்கும் நாளில் நிறம், புள்ளி, பூவின் அகலம், தண்டின் உயரம் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் எண்ணுக்கு நேரே எழுதி, இயன்றால் ஒரு படமும் எடுத்துவைக்க வேண்டும். மாலையானால் அந்தப் பூ முறுக்கிக்கொண்டுவிடும். இரண்டு பருவம் பார்த்தபின் மனத்துக்குப் பிடித்த மூன்று நான்கு செடிகளை மட்டும் வைத்துக்கொண்டு, எஞ்சியவற்றை அக்கம்பக்கத்தாருக்கோ கோயில் தோட்டத்துக்கோ கொடுத்துவிடலாம். வைத்துக்கொண்டவற்றைப் பெருக்க மறுபடியும் விதைக்குப் போகாமல், கிழங்கைக் கத்தியால் பிரித்து நடுக. விதையில் வருவது வேறொரு செடியாயிருக்கும். கிழங்கில் வருவது மட்டுமே அதே செடி.